மலைநாட்டுப் பிடிலும் மாநகர மண்டபமும்

நாட்டார் இசையைச் சாஸ்திரீய சங்கீதத்தோடு கலந்துவிட்டோம் என்று பெருமிதத்துடன் அறிவிக்கும் இசைத்தட்டுகள் பற்றி எனக்கு எப்பொழுதும் ஓர் ஐயுறவு உண்டு. கலப்பு என்னுஞ் சொல் செவிக்கு இனியதே. ஆயினும் கலக்கப்பட்ட இரண்டும் ஒரே தளத்தில் நின்று கைகோத்தனவா, அன்றி ஒன்று மற்றையதன் விருந்து மேசைக்குப் பண்டமாகக் கொண்டுவரப்பட்டதா என்ற வினாவை அச்சொல் மூடி மறைத்துவிடுகின்றது. இவ்வையுறவோடுதான், 2000 ஆம் ஆண்டில் நியூயோர்க் லிங்கன் நிலையத்து ஏவெரி ஃபிஷர் மண்டபத்திலே மூன்று தந்தி வாத்தியக்காரர் நிகழ்த்திய கச்சேரியின் பதிவைக் கேட்க அமர்ந்தேன். (2015 இலிருந்து அம்மண்டபம் வேறொரு செல்வந்தரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது, மண்டபங்களின் பெயர்களும் விலைபோகும் நாடு அது.) அதே ஆண்டில் ‘அப்பலாச்சியன் ஜேர்னி’ என்ற பெயரில் வெளிவந்த இசைத்தட்டின் மேடை வடிவமே அக்கச்சேரி. கேட்டு முடித்தபோது ஐயுறவு நீங்கிவிட்டது என்று கூறமாட்டேன். ஆனால் அது தொடங்கிய இடத்தில் இருக்கவில்லை.

மூவரும் யாவர்? செலோ வாசிப்பவர் யோ-யோ மா. 1955 இலே பாரிசில் சீனப் பெற்றோருக்குப் பிறந்து, நியூயோர்க்கில் வளர்ந்து, மேற்கத்தியச் செவ்வியல் இசையின் உச்சிக் கிளையிலே அமர்ந்தவர். டபிள் பாஸ் என்னும் ஆளுயர வாத்தியத்தை வாசிப்பவர் எட்கர் மேயர். அவர் வளர்ந்தது டென்னசி மாநிலத்து ஓக் றிட்ஜ் என்னும் ஊரில். அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியத்தைச் செறிவாக்குவதற்கென்றே 1942 இல் எழுப்பப்பட்ட ஊர் அது. தந்தையார் அவ்வூர் அரசாங்கப் பாடசாலைகளில் தந்தி வாத்தியங்கள் கற்பித்தவர். மகனுக்கும் அவரே முதலாசிரியர். மூன்றாமவர் மார்க் ஓ’கொனர். 1961 இலே சியாட்டிலில் பிறந்தவர். சிறுவயதிலேயே பிடில் போட்டிகளில் வென்றவர். பென்னி தொமாசன் என்னும் டெக்சாஸ் பிடில்காரரிடம் நேர்முகமாகக் கற்றவர். இம்மூவரும் 1996 இல் வெளியிட்ட ‘அப்பலாச்சியா வோல்ட்ஸ்’ பெருவிற்பனை கண்டது. அதன் பின்வந்ததே ‘ஜேர்னி’. 2001 இல் அதற்குக் கிராமி விருதுங் கிடைத்தது. விருதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டுவதில்லை.

பிடில் என்பதும் வயலின் என்பதும் ஒரே கருவி. எம்முடைய பாட்டனார் காலத்துச் சங்கீத ரசிகர்கள் ‘பிடில் வித்துவான்’ என்றுதான் கூறினர். வயலின் என்னும் பெயர் பின்னாளிலேதான் கௌரவம் பெற்றது. ஐரோப்பியரிடமிருந்து அதனைக் கற்ற பாலுசுவாமி தீட்சிதர் காலத்தை அடுத்து, நம்மவர் அக்கருவியைத் தரையில் அமர்ந்து பாதத்திலே சாய்த்து, தந்திகளை வேறு சுருதிக்குத் திருப்பி, தமது குரலிசைக்கு ஏற்றதாக்கிக் கொண்டனர். அதே நூற்றாண்டுகளில் அத்திலாந்திக்கைக் கடந்த ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஏழைக் குடியேறிகளும், ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டோரும் அமெரிக்க மண்ணில் அதற்கு இன்னொரு பிறவி கொடுத்தனர். மோவாயின் கீழ் வைக்காது பலர் மார்பிலே சாய்த்து வாசித்தனர். பாட்டுக்குத் தக்கபடி தந்திகளின் சுருதியை மாற்றினர். ஒரு தந்தியில் மெட்டு ஓட, பக்கத்துத் தந்தி எமது நாதசுரத்தின் ஒத்துப்போல இடையறாது ஒலித்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது வில். செவ்வியல் வயலினில் வில் பாடுகின்றது. பிடிலில் வில்லே மத்தளமுமாகின்றது. தாளவாத்தியம் இல்லாத குடிசையிலே முப்பது பேரை ஆடவைக்க வேண்டியது அந்த ஒரு வில்தான்.

இதனாலேயே பிடில் மெட்டுகளின் அமைப்பும் பிறக்கின்றது. பெரும்பாலானவை இரண்டே பகுதிகள், ஒவ்வொன்றும் எட்டுத் தாளவட்டங்கள், ஒவ்வொன்றும் இருமுறை. பின்பு மீண்டும் முதலிலிருந்து. ஆடுபவர் களைக்கும் வரையில் அது சுழலும். மெட்டுக்கு ஒரு முடிவு இருக்க வேண்டிய தேவையே இல்லை. இத்தகைய ஒன்றைக் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்ட, எவரும் காலசைக்காத மண்டபத்திற்குக் கொண்டுவந்தால் யாது நிகழும்? ஆட்டக்காரர் செய்த வேலையை இசையே செய்ய வேண்டியதாகின்றது. ஒவ்வொரு சுற்றும் முந்தியதினும் வேறுபட்டாலன்றி அது நிலைபெறாது. ‘லைம்றொக்’ என்னும் பழைய மெட்டை இம்மூவரும் கையாளும் விதத்தில் இதற்கான விடையைக் காண்கின்றோம். டெக்சாஸ் பிடில்காரர் தமது திறமையைக் காட்ட எடுத்துக்கொள்ளும் கடினமான மெட்டு அது. ஓ’கொனரின் கையிலே அது நீர்வீழ்ச்சிபோல் இறங்கி, பின்னர் செலோவுக்குச் செல்கின்றது.

வாத்தியத்தின் அமைப்பு தெரியாதோர்க்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். செலோவின் தந்தி நீளமானது. வயலினில் விரல் எட்டும் சுரம் செலோவில் கை நகர்ந்தாலன்றிக் கிட்டாது. வயலின் விரல்களுக்கென்று நூறு வருடங்களாகத் தேய்ந்து உருவான ஒரு மெட்டை, அதே வேகத்தில், கனமான வில்லைப் பிடித்து வாசிப்பதென்பது சேற்று வயலில் ஓட்டப்பந்தயம் ஓடுவதை ஒக்கும். இங்கேதான் என் ஐயுறவு முதன்முதலாக அசைந்தது. ஏனெனில், பண்டிதர் நாட்டானுக்குக் கற்பிக்கும் காட்சியன்று இது. உலகப் புகழ் பெற்ற செலோக்காரர், போட்டி மேடைகளிலே வளர்ந்த ஒரு பிடில்காரரின் வில்லசைவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றார். சில இடங்களில் அவரது வில் சற்றே பின்தங்குவதும் கேட்கின்றது. எமது சிறுகதைகளிலே கிராமத்துப் பேச்சு உரையாடலில் மாத்திரம் வந்து, ஆசிரியர் கூற்று செந்தமிழில் நின்றால், கிராமம் வெறும் அலங்காரமாகவே எஞ்சுகின்றது என்று நாம் வாதிட்டுள்ளோம். இம்மூவர் இசையில் கதைசொல்லி பிடில்தான். வழக்கு மொழியைக் கற்கப் பாடுபடுவது செலோ.

இனி, ‘இது தூய நாட்டார் இசையன்று, மேடைக்காகச் சீவிச் சிங்காரித்தது’ என்று எம் அணியிலேயே சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றேன். டெக்சாஸ் பிடில் ஆட்டக்களத்தை விட்டு வெளியேறியது இவர்களின் கையால் அன்று. எக் றொபேட்சன் என்னும் டெக்சாஸ்காரர் 1922 இலே நியூயோர்க்குக்குச் சென்று விக்டர் நிறுவனத்துக்காக ‘சாலி கூடன்’ மெட்டை வாசித்தபோதே, அது ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பனை விரியும் கச்சேரி வடிவத்தை அடைந்திருந்தது. போட்டிகளில் ஆடுவோர் இல்லை. கேட்போரும் நடுவரும் மாத்திரமே உளர். தொமாசனின் தலைமுறை அவ்வழியிலேயே நீண்ட வில்லையும் நுண்ணிய மாற்றங்களையும் வளர்த்தது. ஆகவே தூய்மை என்னும் அளவுகோல் இங்கு உதவாது. அது எங்கும் உதவுவதில்லை. பெரும்பாலும் பிற்போக்காளர் கைக்கே அது இலகுவாகப் போய்ச் சேர்கின்றது. 1920 களில் பழைய பிடிலையும் சதுர நடனத்தையும் தூய அமெரிக்கக் கலை என்று தூக்கிப்பிடித்து, தம் கார் விற்பனையாளர் மூலம் போட்டிகள் நடத்துவித்தவர் யாரெனின், ஹென்றி ஃபோர்ட். ஜாஸ் இசையை யூதரின் சூழ்ச்சி என்று தமது பத்திரிகையிலே தூற்றியவரும் அவரே. அவர் தூய்மையென்று கொண்டாடிய பிடிலின் தாளத்திலே ஆபிரிக்கரின் கை எவ்வளவு கலந்திருந்தது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அறிய விரும்பியிருக்கவும் மாட்டார்.

இவ்விசைத்தட்டுகளின் இதயம் ‘அப்பலாச்சியா வோல்ட்ஸ்’ என்னும் அந்த ஒரே உருப்படியில் இருப்பதாகவே நான் கருதுகின்றேன். ஓ’கொனர் தனிப் பிடிலுக்காகக் கற்பனை செய்தது. மூவருக்கெனவும் பின்பு தனிச் செலோவுக்கெனவும் ஆயிற்று. வோல்ட்ஸ் என்று பெயரிருப்பினும் மூன்றுதட்டுத் தாளம் வெளிப்படத் தெரிவதில்லை. எவரும் ஆட எழமாட்டார். இரு தந்திகள் சேர்ந்தே ஒலிக்க, மெட்டு தயங்கித் தயங்கி மேலேறி, மீண்டும் ஒத்தொலிக்குள் வந்து ஒடுங்குகின்றது. மரணவீட்டிலே பேச்சற்று இருப்போருடன் இருக்கும் உணர்வு. இதில் எவரும் தம் விரல் வேகத்தைக் காட்டவில்லை. நாட்டாரிசையின் மெட்டொன்றைக் கடன் வாங்காமல், அதன் ஒத்தொலியையும் வில்லின் எடையையும் மாத்திரம் உட்கொண்டு புதியதொன்றைப் படைத்துள்ளார் ஓ’கொனர். மரபை உள்வாங்கிய படைப்பு என்று நாம் இலக்கியத்தில் கூறுவது இதனையே. மேயரின் சில உருப்படிகளில் இந்த அடக்கம் இல்லை. அறிவின் விளையாட்டு அதிகம். முதலிற் சிரிப்பூட்டி, மறுமுறை கேட்கையில் களைப்பூட்டுகின்றன.

ஆயினும், அந்தப் பெயர்! அப்பலாச்சியா. மூவரில் எவரும் அதன் சுரங்கக் கிராமங்களிலிருந்து வந்தவரல்லர். வாசிக்கப்படும் பிடில் பாணியின் வேரும் பெரும்பாலும் டெக்சாசில். அப்படியிருக்க ஏன் அம்மலைத்தொடரின் பெயர்? நகரத்து மனிதனின் உள்ளத்திலே அப்பலாச்சியா என்றால் மூடுபனி, மரக்குடிசை, பழைமை, அமைதி. 1916 முதல் 1918 வரை அங்கே பாடல் தேடித் திரிந்த ஆங்கிலேயரான செசில் ஷார்ப்பும் தம் நாட்டில் மறைந்துபோன இங்கிலாந்தையே அம்மலைகளிற் காண விழைந்தார். ஆனால் அம்மலைகளின் வயிற்றிலே நிலக்கரி இருந்தது. 1921 இலே மேற்கு வேர்ஜீனியாவின் பிளேயர் மலையில் ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளர் தொழிற்சங்க உரிமைக்காக ஆயுதமேந்தி நின்றனர். அவர்களை அடக்க நடுவண் அரசின் படை வந்தது. 1931 இலே கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்து வேலைநிறுத்தத்தில், சங்க அமைப்பாளரான கணவரைத் தேடி ஷெரிபின் ஆட்கள் வீடு புகுந்த பின், ஃபுளோரன்ஸ் றீஸ் என்னும் பெண் நாட்காட்டித் தாளைக் கிழித்து அதிலே ஒரு பாடலை எழுதினார். ‘நீ எந்தப் பக்கம்’ என்று கேட்கும் அப்பாடல் உலகத் தொழிலாளர் வாயிலெல்லாம் இன்று வாழ்கின்றது. மெட்டு, பழைய நாட்டார் மெட்டே.

இந்த அப்பலாச்சியா மேற்படி இசைத்தட்டுகளில் இல்லை. இசைக்கருவிகள் வேலைநிறுத்தம் பற்றிப் பேச முடியாது என்பதை அறிவேன். அப்படிப் பேசியே ஆகவேண்டும் என்று கேட்பது சிறுபிள்ளைத்தனம். நான் கூறுவது வேறு. ஓர் ஊரின் பெயரைத் தலைப்பாகக் கொள்ளுங்கால் அவ்வூரின் மனிதர் நினைவுக்கு வருதல் வேண்டும். இங்கோ மலை உண்டு, மாலை உண்டு, மனிதர் இல்லை. பார்வைக்குரிய நிலக்காட்சியாக ஒரு நாடு மாறிவிடும்போது அங்கே உழைப்பவர் படத்தின் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். தேயிலைத் தோட்டத்துப் பச்சையை அஞ்சலட்டையிற் கண்டு மகிழ்வோரைப் பற்றி இந்நாட்டு வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

மனிதர் ஒருமுறை வருகின்றனர், அதுவும் பாட்டினூடாக. ஸ்டீபன் ஃபோஸ்டர் 1854 இல் வெளியிட்ட ‘ஹார்ட் ரைம்ஸ்’ பாடலை ஜேம்ஸ் ரெய்லர் பாடுகின்றார். வறுமையே இனி எம் வாயிலுக்கு வராதே என்று வேண்டுவது அப்பாடலின் சாரம். இதனை எழுதியவர் பின்னர், 1864 இலே, சட்டைப்பையில் 38 சதத்துடன் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் இறந்தார். வெள்ளையர் முகத்திற் கரிபூசிக் கறுப்பரைக் கேலிசெய்த மேடைகளுக்கும் அவரே பாட்டெழுதினார் என்பதையும் உடன் கூறவேண்டும். மனிதரை ஒரு வரியில் அடக்க முடிவதில்லை. இப்பாடல் ஏழையை நோக்கியதன்று. உண்டு களித்திருப்போரைச் சற்று நிறுத்தி, வெளியே நிற்பவரின் அழுகையைக் கேளுங்கள் என்று கூறுவது. அப்படியாயின், விலையுயர்ந்த நுழைவுச்சீட்டு வாங்கி வந்தோர் நிறைந்த லிங்கன் நிலையமே அதனைப் பாடுவதற்கு மிகப் பொருத்தமான இடமன்றோ? இவ்வாறு எண்ணிக்கொண்டுதான் கேட்டேன். ரெய்லரின் குரல் நேர்மையானது. செலோ அதன் பின்னால் மெழுகுபோல் உருகுகின்றது. ஆனால் எல்லாமே மிக மிருதுவாக இருக்கின்றன. அழுகை கதவருகே நிற்கவில்லை. எங்கோ தொலைவில், இனிமையாக, எவருடைய உணவையுங் கெடுக்காமல் ஒலிக்கின்றது. கைதட்டல் உடனே எழுகின்றது. பாடல் சென்றடைந்திருந்தால் ஒரு கணமாவது மௌனம் நிலவியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆசிரியத் தொழிலின் பழக்கதோஷமாகவும் இருக்கலாம்.

இவ்விடத்தில் வேறொரு பிடில்காரரின் கதையைக் கூறாவிடின் என் வாதம் விளங்காது. 1937 ஒக்டோபரில், கொங்கிரஸ் நூலகத்தின் சார்பில் அலன் லோமாக்சும் அவருடைய மனைவியும் கென்டக்கி மலைகளில் ஒலிப்பதிவு செய்து திரிந்தனர். வில்லியம் ஹமில்டன் ஸ்டெப் என்னும் பிடில்காரர் அவர்களுக்கு ‘பொனபாட்டின் பின்வாங்கல்’ என்ற மெட்டை வாசித்தார். மற்றையோர் அதனை மந்தமான அணிநடையாக வாசிப்பது வழக்கம். ஸ்டெப்போ குதிரைப் பாய்ச்சலில் வாசித்தார். அந்தத் தட்டைக் கேட்டு, ஒவ்வோர் அசைவையும் சுரக்குறியில் எழுதியவர் றூத் குரோஃபோட் சீகர். தாமே சிறந்த இசைப்படைப்பாளர், இடதுசாரி வட்டத்தைச் சேர்ந்த பெண்மணி. அது 1941 இல் நூலில் அச்சாயிற்று. மறு ஆண்டு ஆரன் கொப்லண்ட் தம் ‘றோடியோ’ நடன இசையின் இறுதிப் பகுதியில் அதனை ஏறக்குறைய அப்படியே எடுத்தாண்டார். ஸ்டெப்பின் வேகம், ஸ்டெப்பின் வளைவுகள், ஸ்டெப்பின் வில். உலகமெங்கும் அமெரிக்க இசை என்றால் நினைவுக்கு வருவது இன்று அந்தப் பகுதியே. 1990 களில் அது தொலைக்காட்சியிலே மாட்டிறைச்சி விற்கும் விளம்பரத்துக்கும் பயன்பட்டது. ஸ்டெப் என்னும் பெயரை அந்த விளம்பரம் பார்த்த கோடிக்கணக்கானோரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பர்?

கொப்லண்ட் பகைவரல்லர். 1934 இலே மேதின ஊர்வலத்துக்குப் பாட்டமைத்துப் பரிசு பெற்றவர். 1953 இலே மக்கார்த்தியின் விசாரணைக்கு அழைக்கப்பட்டவர். மக்களை நேசித்த ஒருவரே மக்களில் ஒருவரின் பெயரைத் தவறவிட்டார் என்பதே இங்கே நம்மைச் சுடவேண்டிய செய்தி. தனிமனிதக் குற்றமாக மட்டும் இதனைக் காண்பது போதாது. பதிப்புரிமைச் சட்டம் எழுத்தை அறியும். செவிவழி வந்ததை ‘மரபுவழி’ என்று ஒரே சொல்லால் உரிமையாளரற்ற புறம்போக்கு நிலமாக்கிவிடும். அந்நிலத்தில் வேலி போடுபவருக்கு, அதாவது அதனை ஒழுங்கமைத்துத் தாளில் எழுதுபவருக்கு, அது வருமானந் தரும். வாசித்தவருக்குத் தராது. எந்த நாட்டார் இசைத்தட்டின் உறையையும் திருப்பிப் பாருங்கள். ‘மரபுவழி’ என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை ஸ்டெப்புகள் நிற்கின்றனர் என்று எண்ணத் தோன்றும்.

கறுப்பரின் கதை இதனினுங் கொடியது. தோட்ட முதலாளியின் மாளிகை நடனங்களுக்குப் பிடில் வாசித்தோரிற் பலர் அடிமைகள். கடத்தப்பட்டு அடிமையாக்கப்பட்டு, 1853 இல் தம் வரலாற்றை நூலாக்கிய சொலமன் நோதப்பும் பிடில்காரரே. பின்னர், 1920 களில், இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பருக்கு ஒரு பட்டியல், வெள்ளை மலைவாசிகளுக்கு ஒரு பட்டியல் என்று சந்தையைப் பிரித்தன. கறுப்பருக்கு ‘புளூஸ்’, வெள்ளையருக்குப் பிடில் என்று பங்கீடு. கறுப்புப் பிடில்காரர் அனேகமாகப் பதிவாகவேயில்லை. பதிவாகாதவர் இருந்ததேயில்லை என்று அடுத்த தலைமுறை நம்பியது. வட கரோலினாவின் ஜோ தொம்சன், 1918 முதல் 2012 வரை வாழ்ந்தவர், அந்த மறதிக்கு எதிராக முதுமை வரை பிடிலைக் கைவிடவில்லை. 2005 இல் உருவான கரோலினா சொக்லட் டிறொப்ஸ் என்னும் இளைஞர் குழு அவரது வீட்டுக்குச் சென்று அவரருகே அமர்ந்து கற்றது. லிங்கன் நிலைய மேடையின் மூவரது பிடிலுக்குப் பின்னாலும் இந்தக் கைகள் உள்ளன. கச்சேரியில் அவை பேசப்படவில்லை.

ஆனால் ஓ’கொனரைப் பொறுத்தவரை கதை அக்கச்சேரியோடு முடியவில்லை. மூவர் குழுவுக்கென எழுதிய இசையை அவர் பின்னர் வயோலாவில் கரொல் குக், செலோவில் நற்றலி ஹாஸ் என்னும் இளையோருடன் தொடர்ந்து வாசித்தார். 2004 இல் வெளிவந்த ‘குறொஸ்ஸிங் பிறிட்ஜஸ்’ இசைத்தட்டில் அதனைக் கேட்கலாம். பெரும்பெயர்கள் இல்லாத அத்தட்டு எனக்கு ஒருவகையில் இதனினும் உவப்பானது. செலோ அங்கே வழக்கு மொழியைக் கற்க முயலவில்லை, அதிலேயே பேசுகின்றது. ஹாஸ், ஸ்கொட்லாந்து நடன இசையிலே செலோவைத் தாளக் கருவியாகவும் ஆள்பவர். அதன்பின் 2009 இலிருந்து ஓ’கொனர் சிறுவருக்கான பிடில் பாடநூல்களை வெளியிட்டார். பிள்ளைகள் ஐரோப்பிய மாளிகை இசையிற் தொடங்க வேண்டியதில்லை, தம் மண்ணின் இசையிலேயே தொடங்கலாம் என்பது அவற்றின் நோக்கு. முதற் பாடமாக அவர் வைத்திருப்பது கோவாக்கீரை அவிப்பது பற்றிய ஒரு பழைய ஆட்ட மெட்டு. அது அடிமைகளிடையே வழங்கிவந்த மெட்டு என்பதையும் அவர் சொல்லியே வைத்துள்ளார்.

கச்சேரி மேடையில் கூறப்படாத அச்செய்தி ஒன்பது ஆண்டுகளின் பின் பாடநூலிலே இடம்பெற்றுவிட்டது. எமது சங்கீத பாடத்திட்டத்தில் வசந்தன் கூத்துப் பாட்டும் தோட்டத்து மக்களின் காமன் கூத்துப் பாட்டும் எந்த வகுப்பில், எத்தனையாம் பாடமாக, எவர் பெயரோடு வைக்கப்பட்டுள்ளன என்பதை நண்பர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும்.